பிரிண்டர் இல்லாத கப்பலில் ஒரு பிரிண்டர்

ஒரு கல்லூரியில் நெட்வொர்க் பார்த்துக்கொள்வது என் வேலை. புது இடம் எங்கே போனாலும் முதலில் போனில் வைஃபை பட்டியலைத் திறந்துவிடுவேன். கல்யாண மண்டபத்தில்கூட. அதனாலோ என்னவோ, போர்க்கப்பல் கணினிகளைப் பற்றிப் படித்ததில் மனதில் நின்றது ஏவுகணையோ ராடாரோ இல்லை. அமெரிக்கக் கடற்படையின் யுஎஸ்எஸ் மான்செஸ்டர் கப்பலில் தெரிந்த ஒரு வைஃபை பெயர். 'ஸ்டிங்கி'. நாறுவது என்று அர்த்தம்.

2023-இல் மேற்குப் பசிபிக் பயணத்துக்குக் கிளம்பும் முன் அந்தக் கப்பலின் சீஃப்கள் செயற்கைக்கோள் வழியாக இன்டர்நெட் தரும் ஒரு ஸ்டார்லிங்க் டிஷ் வாங்கி மேல்தளத்தில் பொருத்திவிட்டார்கள். சீஃப் என்றால் மாலுமிகளை மேய்க்கும் மூத்தவர்கள், அதிகாரிகளுக்கு ஒரு படி கீழே. கேப்டனுக்கு இது தெரியாது. உலோகச் சுவர்களைத் தாண்டி சிக்னல் சரியாக வரவில்லை. பேர்ல் ஹார்பர் துறைமுகத்தில் நின்றபோது சிக்னலைத் தூரம் எட்டவைக்கும் ரிப்பீட்டர் வாங்கி, கேபிள் இழுத்துச் சரி செய்தார்கள். பாஸ்வேர்டு சீஃப்களுக்குள் மட்டும்.

வீட்டோடு பேசத்தானே, அதில் என்ன குற்றம் என்று தோன்றும். ஆனால் போர்க்கப்பல் தேவைப்பட்டால் ஒரு ரேடியோ அலைகூட வெளியே விடாமல் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எந்த ஆன்டெனா எப்போது பேசலாம் என்று முடிவு செய்வது கேப்டன். இந்த டிஷ் அவருக்கே தெரியாமல் வானத்தோடு பேசிக்கொண்டிருந்தது.

மாலுமிகளின் போனில் பெயர் தெரிந்துவிட்டது. பேச்சு கிளம்பியது. யாரோ கேப்டனுடைய ஆலோசனைப் பெட்டியில் சீட்டு எழுதிப் போட, இதற்கெல்லாம் தலைவியான சீனியர் சீஃப் அதை எடுத்துவிட்டார். கேப்டன் நேரில் கேட்டதற்கும் இல்லை என்றார். அப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த இடம்: வைஃபை பெயரை மாற்றி, வயர்லெஸ் பிரிண்டர் போலத் தோன்றும்படி வைத்தார். அந்தக் கப்பலில் அப்படிப் பொதுவான வயர்லெஸ் பிரிண்டரே கிடையாது! இத்தனைக்கும் அவர் தகவல் பாதுகாப்பைப் பாடமாக எடுத்து முதுகலை முடித்தவர்.

தேடினார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் ஆகஸ்டில், அனுமதியோடு ஸ்டார்ஷீல்டு (ஸ்டார்லிங்கின் ராணுவ வடிவம்) பொருத்த மேலே ஏறிய ஒரு சிவிலியன் ஊழியர் கண்ணில் டிஷ் பட்டது. 2024-இல் ராணுவ நீதிமன்றம் அந்த சீனியர் சீஃபைப் பதவி இறக்கியது.

வெளியாள் ஒருவர்கூட உள்ளே நுழையவில்லை, கவனியுங்கள். 1997-இல் அதே கடற்படையின் யார்க்டவுன் கப்பலிலும் அப்படித்தான். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் என்டி இயங்குதளம் ஓடிய அந்தக் கப்பலில் ஒருவர் தரவுத்தளத்தில் பூஜ்யத்தைத் தட்ட, நிரல் பூஜ்யத்தால் வகுக்கப் போய் விழுந்தது. கூடவே உந்துவிசையும் நின்று, 2 மணி நேரத்துக்கும் மேல் கப்பல் அசையவில்லை.

எங்கள் கல்லூரியிலும் போன வருடம் ஒரு 'பிரிண்டர்' தெரிந்தது. மூன்றாம் மாடி. போனைக் கையில் பிடித்துச் சிக்னல் ஏறும் பக்கமாக நடந்தேன். ஸ்டாஃப் ரூம் பீரோ மேல், பழைய விடைத்தாள் கட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ரவுட்டர்.

"சார், இது யாரோடது?"

"தம்பி, உங்க வைஃபைல யூடியூப் வரலையே" என்றார் மூத்த பேராசிரியர்.

பிடுங்கினேன். உடனே இல்லை. இரண்டு நாள் கழித்து. கிரிக்கெட் மேட்ச் இருந்தது.