ட்ராம் போகாது, இறங்குங்கள்

ஹாங்காங்கில் ஞாயிறு என்றால் எங்களுக்கு ட்ராமின் மேல்தட்டுதான். எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். என் கணவருக்குத் தூக்கம், எனக்கு வேடிக்கை.

2019 ஜூன் 16 அன்று காஸ்வே பேயில் டிம் சம் (சீனர்களின் சிறு பலகாரங்கள்) சாப்பிடக் கிளம்பினோம். வான்சாய் பக்கம் வண்டி நின்றது, நின்றதுதான். ஹென்னசி சாலை முழுக்கக் கறுப்புச் சட்டைகள். குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சீனாவிடம் ஒப்படைக்க வழிசெய்யும் மசோதாவை நிறுத்திவைப்பதாக முந்தின நாள்தான் ஹாங்காங்கின் அப்போதைய தலைமை நிர்வாகி கேரி லாம் அறிவித்திருந்தார். அது போதாது, திரும்பப் பெறு என்பதுதான் கோஷம்.

எதிர்த்து நடக்க முடியாமல் கூட்டத்தோடு அட்மிரால்டி பக்கம் நகர்ந்தோம். நானோ மஞ்சள் சுடிதாரில்! யாரும் முறைக்கவில்லை, ஒரு பாட்டி விசிறிகூட நீட்டினார். “விசா முக்கியம், போட்டோ எடுக்காதே” என்று இவர்தான் காதைக் கடித்துக்கொண்டே வந்தார்.

ஏற்பாட்டாளர்கள் கணக்கில் 20 லட்சம் பேர்; போலீஸ் கணக்கில் உச்சத்தில் 3,38,000. இரண்டில் எது சரியோ, அத்தனை நெரிசலிலும் ஆம்புலன்ஸுக்குச் சட்டென்று வழி திறந்தது. மதுரைச் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வளர்ந்த எனக்கே அது புதுசு.

டிம் சம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. மசோதா முறைப்படி திரும்பப் பெறப்பட அக்டோபர் 23 ஆனது.