13-ஆம் வசனத்துக்கு முன்னால் 12-ஆம் வசனம்

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் அணி ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. மார்ச் கடைசியில் ஆரம்பித்தால் செப்டம்பர் கடைசிவரை ஓட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பெரும்பாலும் மதியமே தொடங்கிவிடும் என்பதால் வீரர்கள் காலையிலேயே மைதானத்தில் இருக்க வேண்டும். விசுவாசியான ஒரு வீரனுக்கு ஆறு மாதம் சபை கூடுகை இல்லை. இந்தக் குறையைப் பார்த்துத்தான் 1973-ல் டெட்ராய்ட் விளையாட்டு நிருபர் வாட்சன் ஸ்போல்ஸ்ட்ரா, அப்போதைய ஆணையர் போவி கூனின் சம்மதத்தோடு ‘பேஸ்பால் சேப்பல்’ என்ற ஊழியத்தைத் தொடங்கினார். இன்று பெரிய லீக், சிறிய லீக் அணிகளுக்கு ஞாயிறுதோறும் ஒரு சேப்ளின், அதாவது அணிக்கு ஊழியம் செய்யும் போதகர், போகிறார். அவருடைய வேலை சின்னது, ஆனால் கவனமாகச் செய்ய வேண்டியது.

கையில் இருப்பது 15 நிமிடம், மிஞ்சினால் 20. பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளி அது. இடம் பெரும்பாலும் எடைப்பயிற்சி அறை. அது காலியில்லை என்றால் சாமான் அறை. பாட்டு, காணிக்கை, அறிவிப்பு எதுவும் வேண்டாம். வேதபகுதியை வாசிக்க 2 நிமிடம், செய்தி 8 நிமிடம், ஜெபம் 3 நிமிடம். மீதி நேரம் யாராவது தனியாகப் பேச வந்தால் அவருக்கு. நேரத்தைத் தாண்டும் சேப்ளினைப் பயிற்சியாளர்கள் இரண்டு வாரம் பொறுப்பார்கள். மூன்றாவது வாரம் கதவு திறக்காது. கையெழுத்து, டிக்கெட், புகைப்படம் மூன்றையும் கேட்கக் கூடாது. கேட்ட அந்த நிமிடமே அவர் மேய்ப்பர் இல்லை, ரசிகர்.

இன்னொரு ஆபத்து புதிது. 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுச் சூதாட்டத்துக்கு இருந்த மத்தியத் தடைச் சட்டத்தை ரத்து செய்தது. அதன்பின் “தொடை தசை இழுக்கிறது, எனக்காக ஜெபியுங்கள்” என்று ஒரு வீரர் சொல்வதுகூட பணமதிப்புள்ள ரகசியம் ஆகிவிட்டது. சேப்ளின் அதை வீட்டில் சொல்லக் கூடாது, தன் சபையின் ஜெபக் குழுவுக்கும் அனுப்பக் கூடாது. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் கசிகிற செய்தியும் கசிந்த செய்திதான்.

செய்திக்கு வருவோம். விளையாட்டு வீரர்கள் அதிகம் பச்சை குத்திக்கொள்கிற, காலணியில் எழுதிக்கொள்கிற வசனங்களில் ஒன்று பிலிப்பியர் 4:13. “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு.” தனியாக எடுத்தால் அது வெற்றி முழக்கம் போலக் கேட்கும். ஆனால் பவுல் அதை எழுதியபோது விலங்கிடப்பட்ட கைதி. முந்தின வசனத்தில் அவர் சொல்வது: “தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்.” திருப்தி, பட்டினி, பரிபூரணம், குறைவு எல்லாம் அந்த ஒரே வசனத்தில் வரிசையாக வருகின்றன. அந்த வரிசையைத்தான் 13-ஆம் வசனம் ‘எல்லாவற்றையும்’ என்று திரும்பச் சுட்டுகிறது. மூல கிரேக்கத்தில் ‘செய்ய’ என்ற வினையே தனியாக இல்லை. ‘எல்லாவற்றுக்கும் எனக்குத் திராணி உண்டு’ என்பதே அதன் போக்கு. பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை பந்தைச் சரியாக அடித்தாலே சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கும் விளையாட்டு பேஸ்பால். மீதி ஏழு முறைக்கு 13-ஆம் வசனம் மட்டும் போதாது, 12-ஆம் வசனம் வேண்டும். அதனால் இந்தப் பகுதியை எடுத்தால் 10-ஆம் வசனத்திலிருந்து தொடங்கி வீரர்களையே சத்தமாக வாசிக்கச் சொல்வது நல்லது. விளக்கத்தில் பாதி அந்த வாசிப்பிலேயே முடிந்துவிடும்.

ஜெபத்திலும் இதே கவனம் வேண்டும். உள்ளூர் அணிக்கு ஜெபித்த அதே சேப்ளின் பெரும்பாலும் அடுத்த அரைமணியில் எதிரணியின் அறைக்கும் போகிறார். இரண்டு அறையிலும் வெற்றியைக் கேட்டால் அது ஜெபமா, முகஸ்துதியா? காயம் இல்லாமல் காக்கும்படி, நேர்மையாக ஆடும்படி, எதிரணிக்காக, தூரத்தில் இருக்கும் மனைவி பிள்ளைகளுக்காக ஜெபிக்கலாம். தோற்றவன் தன் பாவத்தால் தோற்றான் என்ற எண்ணத்துக்கு ஒரு சொல்கூட இடம் கொடுக்கக் கூடாது. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைக் குறித்து ஆண்டவர் லூக்கா 13-ல் சொன்னதே அதற்குப் போதும்.

கையால் பந்து வீசி ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் வீரர் டிம் டீபோ 2009 ஜனவரி 8 அன்று கல்லூரிச் சாம்பியன் ஆட்டத்தில் கண்ணுக்குக் கீழே யோவான் 3:16 என்று எழுதி ஆடினார். சரியாக மூன்று வருடம் கழித்து அதே தேதியில், பிட்ஸ்பர்க் அணிக்கு எதிராக 316 கெஜம் பந்து வீசினார். எத்தனையோ பேர் அந்த வசனத்தைத் தேடிப் படித்தார்கள். அதற்காக தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் எண்ணில் அடையாளம் தேடும் பழக்கம் அதிலிருந்து வளர்வதும் உண்மை. அடுத்த வாரமே அவருடைய அணி 45-10 என்று தோற்றது. அந்த எண்களை யாரும் வேதத்தில் தேடவில்லை.

அரசியலிலும் இதே நோய் இருக்கிறது, இன்னும் முற்றிய நிலையில். 2 நாளாகமம் 7:14-ஐ எடுங்கள். 1981-ல் ரொனால்ட் ரீகன் பதவியேற்றபோது அவர் கை இருந்தது இந்த வசனத்தின்மேல்தான். “என் நாமம் தரிக்கப்பட்ட என் ஜனங்கள் தங்களைத் தாழ்த்தி” என்று அது தொடங்குகிறது. சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தபின் இஸ்ரவேலுக்குச் சொல்லப்பட்டது. 13-ஆம் வசனத்தில் மழையில்லாமை, வெட்டுக்கிளி, கொள்ளைநோய். அந்த ஜனத்தின் இடத்தில் இன்று எந்த நாட்டையும் வைக்க முடியாது. வைக்க வேண்டுமென்றால் சபையை வைக்கலாம். அப்போது “பொல்லாத வழிகளைவிட்டுத் திரும்பினால்” என்பது எதிர்க்கட்சிக்குப் பேசவில்லை, நமக்குப் பேசுகிறது.

2016-ல் அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக், கறுப்பினத்தவருக்கு நடக்கும் அநீதியைக் கண்டித்து தேசியகீதத்தின்போது முழங்காலிட்டதும் பல அணிகளின் உடைமாற்றும் அறைகள் இரண்டு பட்டன. இரு பக்கமும் வேதத்தை நேசிக்கிறவர்கள். ஒருவருக்கு ரோமர் 13, மற்றவருக்கு “நியாயம் தண்ணீரைப்போலவும்” என்ற ஆமோஸ் 5:24. இந்த மாதிரி வாரத்தில் சேப்ளின் செய்யக்கூடியது, இரண்டு பகுதிகளையும் முழு அதிகாரமாக வாசிப்பது. ஆமோஸ் அந்த வசனத்துக்கு முன்பே, உங்கள் பாட்டுகளின் இரைச்சலை அகற்றுங்கள் என்று ஆராதனைக்காரர்களைக் கண்டிக்கிறார். ரோமர் 13-க்கு முந்தின வசனம், தீமையை நன்மையினால் வெல்லு என்கிறது. வேட்பாளர் பெயர் அந்த அறையில் வரவே கூடாது. வரிவிலக்குள்ள சபைகளும் ஊழியங்களும் தேர்தலில் யாரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்ற விதி 1954 முதல் இருக்கிறது. சபைக்குள் சபையாரிடம் பேசுவதை அது தடுக்காது என்று 2025-ல் வரித்துறை ஒரு வழக்கில் நிலைப்பாடு எடுத்தது. சட்டம் இளகட்டும், உடைமாற்றும் அறையில் இறுக்கமே நல்லது.

அரசுப் பள்ளியில் நிலைமை வேறு. ஒலிபெருக்கியில் மாணவர் நடத்தும் ஆட்டத்துக்கு முந்தின ஜெபம் செல்லாது என்று 2000-ல் சாண்டா ஃபே வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆட்டம் முடிந்தபின் பயிற்சியாளர் ஜோசப் கென்னடி மைதான நடுவில் தனிப்பட்ட முறையில் ஜெபிப்பது அவர் உரிமை என்று 2022-ல் 6-3 பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. உரிமை கிடைத்துவிட்டது. ஆனாலும் யாரை ஆடவிடுவது என்று தீர்மானிக்கிறவர் பயிற்சியாளர். பக்கத்தில் வந்து மண்டியிடும் 16 வயதுப் பையன் தேவனைத் தேடி வந்தானா, அணியில் இடத்தைத் தேடி வந்தானா என்பது வெளியிலிருந்து தெரியாது. மத்தேயு 6:6 அறைவீட்டுக் கதவைப் பூட்டச் சொல்கிறது. அந்தப் பையனுக்காகவும்தான் என்று எனக்குப் படுகிறது.

ஸ்காட்லாந்து ஓட்டக்காரரும் பின்னாளில் சீனாவில் மிஷனரியுமான எரிக் லிடலைப் பற்றி எல்லாப் பிரசங்கத்திலும் பாதிக் கதைதான் வருகிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிறன்று நடந்த 100 மீட்டர் தகுதிச்சுற்றை விட்டுவிட்டு, 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வென்றார். அட்டவணை மாதங்களுக்கு முன்பே தெரியும் என்பதால் 400 மீட்டருக்கு உடலைப் பழக்க அவருக்கு நேரம் இருந்தது. மீதிக் கதை சீனாவில் ஜப்பானியர் நடத்திய வெய்சியன் தடுப்பு முகாமில். ஞாயிறன்று ஹாக்கி ஆடிய பிள்ளைகள் நடுவர் இல்லாமல் சண்டையிட்டதைக் கண்டு, அவரே ஞாயிறன்று நடுவராக நின்றார். தனக்கென்று கண்டிப்பாக வைத்த விதியைப் பிள்ளைகளுக்காகத் தளர்த்தினார். 1945-ல் அந்த முகாமிலேயே மூளைக்கட்டியால் மரித்தார்.

சேப்ளின் வேலையில் கடினமான வாரம் தோல்வி வாரம் இல்லை. மார்ச் கடைசியில் அணியின் 26 பேர் பட்டியல் முடிவாகும் வாரம்தான். நீக்கப்பட்டவர் அன்றைக்கே அலமாரியைக் காலி செய்வார். தோழர்கள் பேசத் தயங்குவார்கள். தொலைபேசி திடீரென்று ஓய்ந்துவிடும். அன்று மாலையே சேப்ளின் அழைக்க வேண்டும், மறுநாள் இன்னொரு முறை. “தேவன் இதைவிட நல்லது வைத்திருக்கிறார்” என்று சொல்ல வேண்டாம். அது நமக்குத் தெரியாது. வாடகை வீட்டு ஒப்பந்தம் எப்போது முடிகிறது, மனைவிக்குச் சொல்லியாயிற்றா, பிள்ளைகளின் பள்ளி என்ன ஆகும், ஊருக்கு வண்டி ஓட்டப் போகிறாரா என்று கேட்கலாம். அவரே கேட்டால் மட்டும் வேதத்தைத் திறந்து, பிலிப்பியர் 4-ல் 12-ஆம் வசனம்வரை மெதுவாக வாசிக்கலாம். அடுத்ததை அவர் தோள்பட்டையிலேயே பச்சை குத்தியிருப்பார்.