பட்டுச்சேலையும் அந்துப்பூச்சியும்

அலுமாரிக்குள் பறக்கும் அந்துப்பூச்சி துணியைத் தின்பதில்லை. தின்பது அதன் புழு. பட்டும் கம்பளியும்தான் அதற்குப் பிடித்தம். பருத்தியில் வியர்வையோ குழம்புக்கறையோ இருந்தால் அதையும் கடிக்கும். கட்டிய கூறைச்சேலையை அப்படியே மடித்து வைக்காதீர்கள்.

திருகோணமலையில் மாரி தொடங்குமுன், புரட்டாதியிலேயே அலுமாரியைக் காலிசெய்து மூலை, இடுக்கு, தரைவிரிப்பின் அடிப்பக்கம் எல்லாம் தூசி எடுங்கள். பட்டை நிழலில் காற்றாட விடுங்கள், நேர்வெயிலில் நிறம் வெளிறும்.

புழு கண்ட கம்பளியைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, −18 பாகை செல்சியஸ் உறைபெட்டியில் 2 கிழமை வையுங்கள். எடுத்தவுடன் பையைத் திறந்தால் துணியில் ஈரம் படியும், குளிர் தணியட்டும்.

நப்தலீன் உருண்டை மூடிய பெட்டிக்குள்தான் வேலை செய்யும். குழந்தை உடுப்புகளுக்குள் வேண்டவே வேண்டாம்: சில குழந்தைகளுக்கு அந்த ஆவி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.