ஈஞ்சம்பாக்கம் போனேன், தீப்பெட்டிக்குள் ஒரு தெருவைப் பார்த்தேன்

நேற்றுக் காலைதான் மதுரை வந்து இறங்கினேன். பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, மறந்துபோவதற்குள் எழுதிவிட வேண்டும். சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமத்தில் பதினான்கு பேர் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். எந்தப் படமும் ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது, ஆளுக்கு ஒரு புத்தகமாவது கையாலேயே செய்து வைக்க வேண்டும், இதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட ஒப்பந்தம். இதைக் கேள்விப்பட்ட அன்றே டிக்கெட் போட்டுவிட்டேன்.

போன பஸ்ஸைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏசி பஸ், 1,100 ரூபாய். திருச்சி தாண்டியதும் தலைக்கு மேலே இருந்த ஏசி ஓட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. துப்பட்டாவை அதில் அடைத்தேன், அது நனைந்து இன்னும் பெரிய சொட்டாக விழுந்தது. கிளீனரைக் கூப்பிட்டுச் சொன்னால், "ஆஃப் பண்ணா மத்தவங்க சத்தம் போடுவாங்கம்மா" என்று போய்விட்டார். சரி, வேறு சீட்டாவது கொடுங்கள் என்றால் காலியில்லை. விடியும்வரை ஒரு தோள் நனைந்தபடியே உட்கார்ந்து வந்தேன். இந்தக் காசுக்குச் சாதாரண அரசு பஸ்ஸிலேயே போய் வந்திருக்கலாம்.

கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கினால் அடுத்தது ஆட்டோ. ஈஞ்சம்பாக்கத்துக்கு 950 ரூபாய் கேட்டார். "அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாதும்மா" என்று அடித்துச் சொன்னார். தூக்கக் கலக்கத்தில் ஏறிவிட்டேன். திருவான்மியூரில் இருக்கும் சித்தி பெண்ணுக்குப் போன் செய்து சொன்னதும் அவள் கத்தினாள். கிளாம்பாக்கத்திலிருந்து திருவான்மியூர் வந்து, அங்கிருந்து ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற மாநகரப் பேருந்தில் ஏறியிருக்கலாமாம். வெள்ளை போர்டு பஸ் கிடைத்தால் பெண்களுக்கு அந்தக் காசும் கிடையாது. ஊருக்குப் புதிது என்று தெரிந்ததும் இப்படிச் செய்வது அநியாயம். நீங்கள் போனால் பஸ் நிலையத்துக்குள்ளேயே விசாரித்துவிட்டு வெளியே வாருங்கள்.

சோழமண்டலத்துக்குள் நுழைந்ததும் அந்தக் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடு சேர்ந்து தொடங்கிய இடம். அப்போது அவர் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். ஓவியம் விற்று யாரும் சாப்பிட முடியாத காலம், அதனால் மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். சின்னதாக ஒன்றைச் செய்து விற்றுத்தான் பெரிய ஓவியத்துக்கு வழி பண்ணினார்கள். அதே வளாகத்தில் இன்றைக்கு இளைஞர்கள் உள்ளங்கையளவு படங்களை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு நிறைந்துவிட்டது. 2009-இல் திறந்த சென்னை ஓவிய இயக்க அருங்காட்சியகமும் அங்கேயே இருக்கிறது. பணிக்கர், கே. ராமானுஜம், சுல்தான் அலி எல்லாருடைய படங்களையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். அதற்கே தனியாக அரை நாள் வேண்டும், நான் ஓட்டமாகத்தான் பார்த்தேன்.

கண்காட்சியில் முதலில் எட்சிங் படங்கள். போஸ்ட் கார்டைவிடச் சின்னவை. உலோகத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போட்டால் கீறின இடம் மட்டும் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை தேய்த்து, ஈரத் தாளை மேலே வைத்து அழுத்தி எடுக்கிறார்கள். தாளைச் சாய்த்துப் பார்த்தால் படத்தைச் சுற்றித் தகடு பதிந்த பள்ளம் தெரியும். கீழே பென்சிலில் 3/15 என்று எழுதியிருந்தால், பதினைந்து பிரதியில் இது மூன்றாவது. நகத்தளவு கிணறு ஒன்று, அதன் கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கை. குனிந்து மூக்கு இடிக்கப் பார்த்தேன். ஆறடி ஓவியத்துக்கு முன்னால் நாம் பின்னால் நகர்வோம், இதற்குக் கிட்டே போகத்தான் வேண்டும். 800 ரூபாய். இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கிவிட்டேன்.

புத்தகங்கள் விஷயத்தில்தான் எனக்குக் கடுமையான வருத்தம். பாதிப் புத்தகங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். விரித்து வைத்த இரண்டு பக்கம் தவிர வேறொன்றும் தெரியாது. மளிகைக் கடைக் கணக்கு நோட்டின் மேலேயே வரைந்த ஒரு புத்தகம் அதற்குள் கிடந்தது, "து.பருப்பு 1/2" என்று எழுதின கையெழுத்துக்கு மேல் ஒரு பெண் முகம், அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே திரும்பினேன். புரட்ட முடியாவிட்டால் அது எப்படிப் புத்தகம்? கைபட்டு அழுக்காகும் என்றால் கை கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள், சந்தோஷமாகக் கழுவுவோம்.

ஓரமாக ஒரு மேஜை இருந்தது, அதில் இருந்ததையெல்லாம் தொடலாம். அங்கேதான் அந்தத் தீப்பெட்டி. சாதாரணப் பெட்டி, பக்கவாட்டில் மருந்துகூட உரசின தடத்தோடு இருக்கிறது. இழுத்தால் உள்ளே விசிறி மடிப்பாக ஒரு தாள். பிடித்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிறது, இரண்டு கையையும் விரித்தாலும் முடியவில்லை, கூட வந்திருந்த சித்தி பெண் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். கும்பகோணத்தில் ஒரு தெரு, வீடு வீடாகக் கறுப்பு மையில். திண்ணை, திண்ணையில் செருப்பு, ஒரு வீட்டில் பூட்டு, ஒரு வீட்டு வாசலில் பாதிக் கோலம். கடைசி மடிப்பில் குளம். செய்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கிழிந்துவிடுமோ என்று பயந்தேன். "நல்லா இழுங்கக்கா, கிழிஞ்சா ஒட்டிக்கலாம்" என்றாள். விலைக்கு இல்லையாம், இருப்பதே அது ஒன்றுதானாம்.

மத்தியானம் ஈசிஆரிலேயே ஒரு சின்ன மெஸ். மீன் சாப்பாடு 150, நெத்திலி வறுவல் தனியாக 100. நெத்திலி மொறுமொறுவென்று, முள் தெரியாமல் கடிபட்டது. குழம்பில் புளி தூக்கலாக, மாங்காய்த் துண்டு போட்டிருந்தார்கள். மூன்று தடவை குழம்பு வாங்கினேன், அந்த அம்மா முகம் சுளிக்கவே இல்லை. இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு முழுசாகக் கிடைத்தது இந்தச் சாப்பாடுதான்.

ராத்திரி சித்தி வீட்டில் தங்கினதால் லாட்ஜ் செலவு மிச்சம். மறுநாள் திருவான்மியூரிலேயே தாரா புக்ஸின் 'புக் பில்டிங்' என்கிற கட்டடம். 1994-இல் தொடங்கின பதிப்பகம். பருத்திக் கழிவிலிருந்து செய்த தாளில், ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியாக ஸ்கிரீன் பிரிண்ட் போட்டு, காயவைத்து, நூலால் தைத்து, கையால் எண் போட்டுப் புத்தகம் செய்கிறவர்கள். மூன்று கோண்டுப் பழங்குடிக் கலைஞர்கள் வரைந்து 2006-இல் வந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' அங்கே கையில் கிடைத்தது. கறுப்புத் தாளில் விரலை ஓட்டினால் மை மேடாகத் தட்டுப்படுகிறது, மரத்தின் கிளை எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். வாங்க ஆசை, கையில் பணமில்லை. அதற்குப் பதில், அச்சடிக்கும்போது ஒன்றன்மேல் ஒன்றாக மை விழுந்து வீணாகும் தாள்களை அட்டையாகப் போட்டு நோட்டுப் புத்தகம் செய்கிறார்களே, அதில் ஒன்று வாங்கினேன். யானைக்கு மேல் மீன், மீனுக்கு மேல் எழுத்து. அந்த அட்டை மாதிரி இன்னொன்று இருக்காது.

திரும்ப வரும்போது சாதாரண பஸ்தான், எங்கேயும் ஒழுகவில்லை. போகிறவர்கள் இரண்டு கெட்டி அட்டை எடுத்துப்போங்கள், சின்னப் படம்தானே என்று பைக்குள் செருகினால் மடங்கிவிடும். நான் சித்தி வீட்டுக் காலண்டர் அட்டையைக் கேட்டு வாங்கி நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன். இன்று காலை கிணற்றுப் படத்தைச் சட்டம் போடக் கொடுத்தேன், 900 ரூபாய் ஆகுமாம். கண்ணாடி தாளில் ஒட்டாமல் சுற்றி அட்டையில் மவுண்ட் வைக்க வேண்டும், தகட்டுப் பள்ளம் மறையக் கூடாது என்று கடைக்காரரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றார்.