நாலு கோடு நோட்டும் ஒரு எக்ஸ்ரேவும்

செப்டம்பரில் ஒரு நாள் சாயங்காலம் என் மகளின் கையில் அடித்தேன்.

அவளுக்கு அப்போது மூன்று வயதும் ஒன்பது மாதமும். எல்கேஜி. நாலு கோடு நோட்டில் சின்ன 'பி' இரண்டு பக்கம், அதுவும் கர்சிவில். கட்ட நோட்டில் 1 முதல் 20 வரை. என் மனைவி ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். பஸ் பிடித்து வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர ஏழரை ஆகிவிடும். எனக்குக் காலை ஷிப்ட், மூன்று மணிக்கு முடிந்துவிடும். அதனால் ஹோம்வொர்க் என் பொறுப்பு.

பாப்பா 3-ஐக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போட்டாள். அழித்தேன். மறுபடியும் திருப்பித்தான் போட்டாள். மூன்றாவது தடவை அழித்தபோது தாள் கிழிந்தது. அடுத்த தாளைத் திருப்பி, அவள் விரல்களுக்கு மேல் என் விரல்களை வைத்து அழுத்தி எழுத வைத்தேன். "கை வலிக்குதுப்பா" என்றாள். எழுதச் சொன்னால் மட்டும் எங்கிருந்து வலி வருகிறது என்று கோபம் வந்தது. அடித்துவிட்டேன். அவள் சத்தம் போட்டு அழவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அடிபட்ட கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதை எழுதும்போதும் அந்த இரண்டு கைகள் கண்ணுக்குள் நிற்கின்றன.

நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். வேலூரில் இந்த வேலைக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. மறுநாள் காலை, ஊஞ்சலிலிருந்து விழுந்த ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். என் மகள் வயதுதான் இருக்கும். மணிக்கட்டு வீங்கியிருந்தது. கையைப் பலகையில் வைத்து, அசையாமல் இருக்க அதன் அம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் படம் எடுத்தேன். நல்லவேளை, முறிவு எதுவும் இல்லை. திரையில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

பெரியவர்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எட்டுச் சின்ன எலும்புகள் கூழாங்கற்கள் போல இரண்டு வரிசையாக நெருக்கி அடுக்கியிருக்கும். பிறந்த குழந்தைக்கு அந்த இடத்தில் ஒன்றும் தெரியாது. எல்லாம் குருத்தெலும்பு; எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு விழாது. முதல் சில மாதங்களில் இரண்டு புள்ளிகள் தோன்றும். அப்புறம் ஒவ்வொன்றாக வரும். நாலு வயதை ஒட்டிய குழந்தைக்கு மூன்றோ நாலோதான் இருக்கும், மீதி இடம் வெறுமையாகத் தெரியும். பட்டாணி அளவில் ஒரு எலும்பு இருக்கிறது. அது தலைகாட்ட எட்டு, ஒன்பது வயதாகிவிடும். குழந்தையின் வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் இடது கையைத்தான் படம் எடுக்கச் சொல்வார்கள். எலும்புக்கு என்ன வயது என்பதை அதில் படித்துவிடலாம். நூற்றுக்கணக்கான கைகளை இப்படிப் படம் எடுத்திருக்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் நான் அழுத்திப் பிடித்த கையும் உள்ளே இப்படித்தான் இருக்கும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லையே.

எலும்பு தெரியவில்லை என்பதற்காகவே குழந்தையால் எழுத முடியாது என்று நான் சொல்லமாட்டேன். அது மருத்துவமும் இல்லை. எலும்பு தெரியாத இடத்தில் குருத்தெலும்பு இருக்கிறது, கை வேலை செய்கிறது. ஆனால் எங்கள் பிசியோதெரபி பிரிவில் இருப்பவரிடம் அன்று மதியம் சாப்பிடும்போது கேட்டேன். குழந்தைக்குக் கட்டுப்பாடு தோளிலிருந்து கீழே இறங்கி வரும் என்றார். முதலில் தோள், அப்புறம் முழங்கை, மணிக்கட்டு, கடைசியாகத்தான் விரல். மூன்று வயதில் பென்சிலை முஷ்டியில் பிடித்துக்கொண்டு முழுக் கையையும் ஆட்டிக் கிறுக்குவது அதனால்தான். மூன்று விரலால் பிடிப்பது சில குழந்தைகளுக்கு நாலு வயதில் வரும், சிலருக்கு ஆறு ஆகும். எழுத்தைத் திருப்பிப் போடுவது ஏழு வயது வரைகூட சாதாரணம் என்றார். "வலிக்குதுன்னு சொன்னா வலிக்குதுன்னுதான் அர்த்தம் சார்" என்று அவர் சொன்னபோது சோறு உள்ளே இறங்கவில்லை.

அந்தப் பள்ளியை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அட்மிஷன் சமயத்தில் எல்கேஜி பிள்ளைகளின் நோட்டுகளை ஒரு மேசையில் பரப்பி வைத்திருந்தார்கள். முத்து முத்தான கையெழுத்து. பார்த்ததும் "இங்கேயே சேர்த்துடலாம்" என்று மனைவியிடம் சொன்னது நான்தான். அந்த முத்துகளுக்குப் பின்னால் எத்தனை அப்பாக்கள் எத்தனை விரல்களை அழுத்தியிருப்பார்கள் என்று அன்று நான் யோசிக்கவில்லை. மூன்று வயதுக் குழந்தையை உட்காரவைத்து "வாட் இஸ் யுவர் நேம்", இது என்ன கலர், அது என்ன மிருகம் என்று கேட்டார்கள். பாப்பா பதில் சொல்லாமல் என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளைக் கடிந்துகொண்டே வந்தேன்.

செப்டம்பருக்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் சேர்க்கும்போது குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் குழந்தை என்று சொல்வது 6 வயதிலிருந்து 14 வரை உள்ளவர்களை. அதற்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் கேள்வி கேட்பவர்கள் அதிகம். நர்சரிக்கு இன்டர்வியூ வைப்பதைத் தடை செய்ய வேண்டும் என்று, பள்ளிப் பிள்ளைகளின் படிப்புச் சுமையைக் குறைக்க மத்திய அரசு அமைத்த பேராசிரியர் யஷ்பால் குழு 1993-லேயே எழுதிக் கொடுத்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு ஹோம்வொர்க் கூடாது என்று உத்தரவிட்டது. புத்தகப் பை பற்றி 2020-ல் வந்த மத்திய அரசின் கொள்கை, பள்ளிக்கு முந்தைய வகுப்புக் குழந்தைகளுக்குப் பையே தேவையில்லை என்கிறது. என் மகளின் பையை வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன், தண்ணீர் பாட்டிலோடு இரண்டரை கிலோ. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே கூடாது என்ற ஹோம்வொர்க்கை அதற்கு இரண்டு வருடம் முந்தின பிள்ளைக்கு நாம் எல்லோரும் சேர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நாம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நவம்பரில் பள்ளிக்குப் போய் மிஸ்ஸைப் பார்த்தேன். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். வகுப்பில் முப்பத்து நாலு குழந்தைகள், ஒரு மிஸ், ஒரு ஆயாம்மா. நான் பேசி முடிக்கும்வரை அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "சார், எங்களுக்குப் படிச்சுக் குடுத்ததுல முதல் ஆறு மாசம் எழுத்தே கிடையாது. களிமண்ணு, மணல், மணி கோர்க்கிறது, அதுதான். ஆனா ஒரு வாரம் நோட்டு அனுப்பலன்னா குரூப்புல மெசேஜ் வந்துடும். பீஸ் கட்டறோம், இன்னா சொல்லித் தரீங்கன்னு பேரன்ட்ஸ் கேக்கறாங்க. முன்ன நீங்ககூட ஒரு நாள் டைரியில ஹோம்வொர்க் எழுதலன்னு போன் பண்ணீங்க சார்" என்றார். பண்ணியிருக்கிறேன். எழுந்து வரும்போது அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு அங்கன்வாடி இருக்கிறது. அத்தனை நாளும் அதைத் தாண்டித்தான் வேனுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு லீவு நாளில் உள்ளே போய்ப் பார்த்தேன். பாட்டில் மூடிகளை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள் பிள்ளைகள். சுவரில் காய்கறிப் படங்கள். அவர்களுடைய பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. நான் தேடிக்கொண்டிருந்தது இதுதானே என்று நெகிழ்ந்துபோனேன். ஆனால் டீச்சர் ஒருவரே பிள்ளைகளுக்கு எடை பார்க்கிறார், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்கிறார், பதிவேடு எழுதுகிறார். நடுநடுவேதான் பாட்டு, கதை. 2019-ல் தமிழ்நாட்டு அரசே நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. பெற்றோரின் மனசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அரசுக்கும் தெரிந்திருக்கிறது.

மனைவியிடம் மாற்றிவிடலாமா என்று கேட்டேன். அவள் நீண்ட நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "நான் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். இன்னிக்கும் வெளிநாட்டு கஸ்டமருக்கு ஒரு மெயில் அனுப்பணும்னா நாலு தடவ எழுதி அழிக்கிறேன். பக்கத்து சீட்டுல இருக்கற பொண்ணு என்னவிட ஆறு வயசு சின்னவ, அவ பேசற இங்கிலீஷுக்காகவே அவள மீட்டிங்குக்குக் கூப்புடறாங்க. எம் பொண்ணு அப்படி உக்காரக் கூடாது." இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் பயம் பொய் இல்லை. பத்து வருடமாக ஒவ்வொரு நாளும் அவள் அதை அனுபவிக்கிறாள். ஆனால் அவள் கேட்பது பேச்சு. நாங்கள் குழந்தையை வதைத்துக்கொண்டிருந்தது எழுத்துக்கு. இரண்டும் வேறு வேறு என்பது எங்கள் இருவருக்கும் அன்று ராத்திரிதான் பிடிபட்டது.

பள்ளியை மாற்றவில்லை. டைரியில் நான் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: "ஐந்து வயது முடியும்வரை பாப்பா வீட்டில் எழுதமாட்டாள். பள்ளியில் முடிந்ததை எழுதட்டும். ஸ்டார் போடாவிட்டாலும் பரவாயில்லை." ராத்திரியில் அம்மாவும் மகளும் படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் கதை பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலூர் கோட்டைக்குப் போகிறோம். உள்ளே இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் இருக்கும் யாளிகளுக்கு அவள் ஒவ்வொரு வாரமும் ஒரு பெயர் வைக்கிறாள்.

நான் செய்தது சரிதானா என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. என்னோடு வேலை செய்பவரின் பையன் இவளைவிட இரண்டு மாதம் சின்னவன், கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். அதைக் கேட்ட அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. யுகேஜியில் பிந்திவிடுவாளோ, அவளை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துவிடுவார்களோ என்று புரண்டுகொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் நோட்டை எடுக்கக் கை போனது உண்மை. எடுக்கவில்லை.

அரையாண்டு லீவுக்கு, அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனோம். (எல்கேஜிக்கு அரையாண்டுத் தேர்வு உண்டு. டைம்டேபிள் அச்சடித்துக் கொடுத்தார்கள்.) மார்கழிப் பட்டத்துக்கு விதை மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைத்துக்கொண்டிருந்தாள் அம்மா. மெஷினில் போட்டால் பருப்பு பிளந்துவிடும் என்று அவள் விதைக்கு எப்போதும் கையால்தான் உடைப்பாள். பாப்பா தானாகவே போய் முறத்துக்கு எதிரில் உட்கார்ந்தாள். முதல் நாள் தோலை அழுத்தத் தெரியவில்லை, பல்லால் கடித்தாள். மூன்றாம் நாள், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வைத்து, மூக்குப் பக்கம் பார்த்து ஒரு அழுத்து. டப்பென்று திறந்துகொண்டது. பருப்பின் மேல் இருக்கும் ரோஸ் தோல்கூட உரியவில்லை. பென்சில் பிடிக்க எந்த விரல்கள் வேண்டுமோ அதே விரல்கள். ஒருவரும் அழுத்திப் பிடிக்கவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், "வலிக்குது" என்று சொல்லவில்லை. உடைத்ததை வரிசையாக வைத்துப் பதினெட்டு வரைக்கும் எண்ணினாள்.

டைரி விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். அடித்ததையும் சொன்னேன். "இன்னாத்துக்குடா அடிச்ச, அது கையி எம்மாந்தூண்டு" என்று அம்மா கண் கலங்கிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த கதையைச் சொன்னாள். பிறந்த தேதிச் சீட்டெல்லாம் அப்போது எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார் பெரிய வாத்தியார். தொட்டால் ஒண்ணாவது. தொடாவிட்டால் "அடுத்த வருசம் இட்டாம்மா" என்று அனுப்பிவிடுவார். என்னை முதல் வருடம் அனுப்பிவிட்டாராம். இன்னும் ஒரு வருடம் பால்வாடியில் மணலில் விளையாடிவிட்டு, அடுத்த ஆனியில் தொட்டுவிட்டுப் போனேனாம். குழந்தையின் உடம்பைக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்த வாத்தியார் அவர். முகம் எனக்கு நினைவில்லை. அந்த ஒரு வருடத்துக்காக அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

கதையைக் கேட்டுக்கொண்டிருந்த பாப்பா எழுந்து நின்று வலது கையைத் தலைக்கு மேலே போட்டாள். கழுத்தைச் சாய்த்தாள், நுனிக்காலில் நின்றாள். விரல் நுனி காதுக்கு மேலே முடியில் நின்றுவிட்டது.

"ஆயா, எட்டல."

"காட்டு கண்ணு" என்று அம்மா தன் விரலை வைத்து அளந்து பார்த்தாள். "ரெண்டு வெரக்கட கொறையுது. பரவால்ல, வா" என்று முறத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.