வர்க்கி இல்லாத இரவு ஷிஃப்ட்

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் இரவு ஷிஃப்டில் மேற்பார்வை பார்க்கிறேன். மத்தியானத்துக்கு மேல் சிறு விவசாயிகளின் பச்சை இலை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதை வாட வைத்து, ரோலரில் கொடுத்து, நிறம் திரும்பவிட்டு, டிரையரில் காய வைத்து, விடிவதற்குள் தூளாக்க வேண்டும். இலை வரத்து கூடும் மாதங்களில் உட்கார நேரம் கிடைக்காது. வெளியே பனி, உள்ளே டிரையர் சூடு. அந்த ராத்திரிகளில் எங்கள் எல்லாருக்கும் துணை டீயும் வர்க்கியும்தான்.

வர்க்கியைச் சாப்பிட்டுப் பழகாதவர்களுக்கு அதன் பிடி புரியாது. மைதா, சர்க்கரை, வனஸ்பதி, உப்பு. முந்தின நாளே புளிக்க வைத்த மாவைக் கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து, மடித்து மடித்து அடுக்காக்கி, விறகு அடுப்பில் சுட்டெடுப்பார்கள். டீயில் முக்கினால் ஓரம் ஊறும், நடுப்பகுதி மொறுமொறுவென்றே இருக்கும். ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மலையே சந்தோஷப்பட்டது, நானும்தான். அதை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அதனால் வர்க்கியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. என் கை ஏன் வர்க்கி டப்பாவை விட்டு வர மறுத்தது, எப்படி வந்தது என்பதைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

ஒரு பரிசோதனையில் எனக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 ஆகிவிட்டால் நோய் என்று கணக்கு. என் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. கால் விரலில் வந்த ஒரு சின்னப் புண் ஆறாமல், கடைசியில் அந்த விரலையே எடுத்தார்கள். காடு மேடெல்லாம் ஏறி இறங்கிய மனிதர், அதற்கப்புறம் வாசல்படி இறங்கவே யோசித்தார். அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அதனால் 6.1 என்ற எண் எனக்கு வெறும் எண்ணாக இல்லை.

மருத்துவர் ஒரு அச்சடித்த தாள் கொடுத்தார். இனிப்பு, மைதா, எண்ணெய்ப் பலகாரம், கிழங்கு, ஐஸ்கிரீம், ஜூஸ் என்று வேண்டாதவை நீளமாக இருந்தன. நல்ல தாள்தான். ஆனால் அதில் பாதிக்கு மேல் எனக்குப் பிரச்சினையே இல்லாத பண்டங்கள். ஊட்டியில் தெருவுக்குத் தெரு ஹோம்மேட் சாக்லேட் விற்கிறார்கள். எனக்கு ஒரு துண்டு போதும், மிச்சத்தை நினைக்கக்கூட மாட்டேன். ஜிலேபி கல்யாணத்தில் இலையில் வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இவற்றை விலக்கி வைப்பதில் என் மன பலத்தைச் செலவு செய்வானேன்?

கொஞ்ச நாள், என்ன சாப்பிட்டேன், மணி என்ன, அப்போது எங்கே இருந்தேன் என்று இலை எடை எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் குறித்துவந்தேன். பார்த்தால் மூன்றே மூன்று பண்டங்கள்: வர்க்கி, சர்க்கரை போட்ட டீ, மிக்சர். முதல் இரண்டும் எப்போதும் சேர்ந்தே வந்தன, அவை கிட்டத்தட்ட எப்போதுமே ராத்திரி 1 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில். பகலில் வீட்டில் வர்க்கி இருந்தாலும் எனக்கு அவ்வளவாகத் தோன்றுவதில்லை. என்னை இழுத்தது வர்க்கியோடு சேர்ந்த அந்த நேரமும் அந்த டீயும்.

இதனால்தான் பொதுவான தடைப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒவ்வொருவருக்கும் ஆட்டிவைக்கும் பண்டம் வேறு. என் மனைவி அரை வர்க்கியைத் தின்றுவிட்டு மீதியைத் தாளில் சுற்றி மறுநாளைக்கு வைப்பாள், எனக்கு இன்றும் அது ஆச்சரியம்தான். ஆனால் அவளுக்கு ரத்த அழுத்தம் உண்டு, ஊறுகாய் ஜாடி பக்கத்தில் இருந்தால் அவளால் நிறுத்த முடியாது. அவளுக்கு ஜாடியும் எனக்கு வர்க்கி டப்பாவும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒன்றோடு நிறுத்த முடிகிற பண்டத்தை அளவாகச் சாப்பிடலாம். நிறுத்த முடியாததை அளவாகச் சாப்பிட முயல்வதுதான் பெரிய வேதனை. அந்த நேரத்துக்கு, அந்த இடத்துக்கு அது அடியோடு வேண்டாம் என்று வைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. ஃபேக்டரிக்குள் எனக்கு வர்க்கி இல்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் உட்கார்ந்து நிதானமாக ஒன்று சாப்பிடுவேன்.

ராத்திரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உடலுக்கு ஒரு கடிகாரம் உண்டு. அதே அளவு சாப்பாட்டைக் காலையில் சாப்பிட்டால் ஏறுகிற சர்க்கரையைவிட ராத்திரி சாப்பிட்டால் அதிகம் ஏறும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும். இரவு வேலை பார்ப்பவனுக்கு இந்த இரண்டும் எதிராகவே நிற்கின்றன. அதோடு, மாவுச்சத்தும் கொழுப்பும் சேர்ந்த பண்டத்துக்கு மூளை தரும் மதிப்பு, அதே கலோரியுள்ள வெறும் மாவுக்கோ வெறும் கொழுப்புக்கோ தருவதைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வர்க்கி சரியாக அந்தச் சேர்க்கை. இதையெல்லாம் தெரிந்துகொண்டதில் ஒரு நன்மை, “எனக்குக் கட்டுப்பாடே இல்லை” என்ற நினைப்பு போய்விட்டது.

சரி, செய்தது என்ன? முதலில் ராத்திரிச் சாப்பாட்டை மாற்றினேன். முன்பெல்லாம் 7 மணிக்கு இரண்டு தோசையோடு கிளம்பிவிடுவேன், நள்ளிரவுக்குள் வயிறு காலி. இப்போது கிளம்புவதற்குச் சற்று முன் கொஞ்சமாக ராகிக் களி, நிறைய அவரைக் குழம்பு, சில நாள் முட்டை. ராகியும் மாவுச்சத்துதான், அதனால் களி உருண்டை சின்னதாகவும் குழம்பில் அவரை அதிகமாகவும் இருக்க வேண்டும் என்பது வீட்டில் எழுதாத சட்டம். டிபன் டப்பாவில் கடலைச் சுண்டலும் பச்சை கேரட்டும் கொண்டுபோகிறேன். மலையில் பிடுங்கிய கேரட்டின் இனிப்பு சமவெளியில் கிடைக்காது.

ஒரு மணிக்கு வயிறு ஏதாவது கேட்டால், சுண்டல் சாப்பிடத் தோன்றுகிறதா என்று பார்ப்பேன். தோன்றினால் அது பசி, சாப்பிட்டுவிடுவேன். சுண்டல் வேண்டாம், வர்க்கிதான் வேண்டும் என்றால் அது ஏக்கம். அதற்கு வேறு மருந்து.

ஏக்கம் ஏறும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும். குடியை விட முயல்பவர்களோடு வேலை செய்த ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர், அதை எதிர்த்து மல்லுக்கட்டாமல் கடலலை மேல் மிதப்பதுபோல் கவனித்துக்கொண்டே கடக்கச் சொன்னார். நான் கவனிப்பதோடு நடக்கவும் செய்கிறேன். மேல்மாடியில் இலை வாடும் தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. மேலே ஏறி, ஒவ்வொரு தொட்டியிலும் இலையைக் கையில் எடுத்து எவ்வளவு வாடியிருக்கிறது என்று பார்த்து, கடைசித் தொட்டி வரை போய்த் திரும்புவேன். அது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். கீழே இறங்கும்போது அநேகமாக வேகம் தணிந்திருக்கும். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் 15 நிமிட விறுவிறு நடை சாக்லேட் ஏக்கத்தைக் குறைத்ததாக ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். வர்க்கிக்கும் அது பொருந்துகிறது என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

டப்பா என் மேஜையில்தான் இருந்தது. அதைப் பையன்கள் டீ குடிக்கும் அறைக்கு மாற்றச் சொன்னேன். அவர்கள் சாப்பிடுவதை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அந்த வயதில் பாரம் தூக்குகிறவர்களுக்கு அது தேவையும்கூட. “அண்ணா, இப்பத்தான் வந்துச்சு, ஒண்ணே ஒண்ணுண்ணா” என்று ஆரம்பத்தில் நீட்டுவார்கள். “நீ சாப்பிடுப்பா, எனக்குச் சுண்டல் இருக்கு” என்பேன். காரணம் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு வளரும், வளர்ந்தால் கை நீளும்.

டீயில் சர்க்கரையைக் குறைத்தது தனிக் கதை. ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். ஒரு கிளாசுக்கு 2 ஸ்பூன், ஒரு ராத்திரிக்கு 5 கிளாஸ் என்றால் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னபடி, சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 கிராம். “வெல்லம் போடு, மலைத் தேன் விடு, இயற்கைதானே” என்று அன்போடு சொல்பவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அந்தக் கணக்கில் தேனும் சேர்த்திதான். நான் அரை அரை ஸ்பூனாகக் குறைத்தேன், நாக்கு ஒவ்வொரு அளவுக்கும் பழகும்வரை காத்திருந்து. எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது: தூளின் தரம் பார்க்க நாங்கள் ருசிக்கும் டீயில் சர்க்கரை போடுவதே கிடையாது. தூளின் வாசனை, துவர்ப்பு, நிறம் எல்லாம் அதில்தான் தெரியும். வேலைக்காகக் குடித்த அந்த டீயையே எனக்காகவும் குடிக்கத் தொடங்கினேன். சர்க்கரை போனதும் வர்க்கியின் இழுப்பும் தளர்ந்தது, ஏனென்றால் இரண்டும் ஒரே முடிச்சு.

ஒரு ராத்திரி மீறிச் சாப்பிட்டுவிட்டால் மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள். பட்டினிதான் அடுத்த ராத்திரி இன்னும் பெரிய ஏக்கமாக வரும். அடுத்த வேளை வழக்கமான சாப்பாடு, அவ்வளவுதான். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டையோ நேரத்தையோ மாற்றக் கூடாது, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். யாருக்கும் தெரியாமல் அள்ளித் தின்பதும், தின்றபின் வாந்தி எடுப்பதும், அழுவதும் உங்களுக்கோ வீட்டுப் பிள்ளைகளுக்கோ இருந்தால் அது வேறு விஷயம். தயவுசெய்து கூச்சப்படாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது எனக்கு 5.8. இன்னும் கோட்டுக்கு மேலேதான்.

மிக்சர் இன்னும் முடியவில்லை. அதற்கு ஷிஃப்ட் கிடையாது, மழை பெய்தால் பகலிலும் கேட்கும், மழையோ இங்கே வருஷத்தில் பாதி நாள். கிலோக் கணக்கில் வாங்குவதை நிறுத்திச் சின்னப் பொட்டலமாக வாங்கிப் பார்த்தேன், பொட்டலங்கள்தான் கூடின. இந்த மழைக்கு மனைவி நிலக்கடலையும் கறிவேப்பிலையும் வறுத்து, உப்புக் குறைவாகப் போட்டு வைத்திருக்கிறாள். அவளுடைய அழுத்தத்துக்கும் அதுவே சரி. நேற்று ஒரு கைப்பிடியோடு என்னால் நிறுத்த முடிந்தது.