நெல்லை எக்ஸ்பிரசும் கருமுட்டை நாளும்

நான் பாளையங்கோட்டையில், என் கணவர் சென்னையில். எனக்குப் பள்ளியில் தமிழாசிரியர் வேலை, விட்டுவிட்டுக் கிளம்ப முடியாது. அவருக்கு கிண்டிப் பக்கம் ஒரு கம்பெனி. வெள்ளி இரவு எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் சனி காலை வந்து இறங்குவார், ஞாயிறு இரவு மறுபடி வண்டி. அதுவும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான். குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கரு தங்கக்கூடிய நாட்கள் மாதத்தில் கொஞ்சம்தான், அந்த நாட்களும் நம் டிக்கெட்டும் ஒத்துப்போவது அதைவிடக் கொஞ்சம் என்று. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் தேவைப்படாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே எந்த நாளும் தப்பாது. பிரிந்து இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பாடு.

போனில் ஒரு ஆப் போட்டேன். மாதவிலக்கு தேதியைக் கொடுத்ததும் ஒரு நாளில் பூப்படம் காட்டி “இதுதான் உங்கள் நாள்” என்றது. அந்த வாரம் பார்த்து அவரும் வந்து போனார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதமும் அப்படியே. ஊரில் ஆச்சி மட்டும் போனை எடுத்தவுடன், “என்னட்டி, விசேஷம் எதுவும் உண்டா?” என்பாள். இல்லை என்றால் அடுத்த கேள்வி மாப்பிள்ளை எப்போது வருகிறார் என்பதுதான். யோசித்துப் பார்த்தால் ஆப்பைவிட ஆச்சிக்குத்தான் விஷயம் தெரிந்திருக்கிறது.

35 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வருடம் முயற்சி செய்துவிட்டு டாக்டரைப் பார்த்தால் போதும், 35 தாண்டியிருந்தால் ஆறு மாதம் என்பார்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. எனக்கு ஒரு மாதம் 31 நாள், இன்னொரு மாதம் 35 நாள் என்று ஓடும் என்பதால் கொஞ்சம் முன்னாடியே போனேன். டாக்டரம்மா மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு ஒரு கோடு கிழித்தார். “எல்லாரும் பீரியட்ஸ் வந்த நாளிலிருந்து முன்னால எண்றாங்க. நீ அடுத்த பீரியட்ஸிலிருந்து பின்னால எண்ணும்மா.” கருமுட்டை வெளிவந்த பிறகு மாதவிலக்கு வர ஏறத்தாழ 14 நாள் ஆகும். அது ஆளுக்கு ஆள் சில நாள் கூடலாம் குறையலாம், ஆனால் பெரிதாக ஆடாது. ஆடுவது முன்பாதிதான். மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால், 28 நாள்காரிக்கு முட்டை வருவது 14ஆம் நாள் என்றால் 35 நாள்காரிக்கு 21ஆம் நாள் வாக்கில். ஆப் எனக்குப் பூப்படம் காட்டியதெல்லாம் முட்டை இன்னும் வளர்ந்துகொண்டிருந்த நாட்களில்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் எங்கள் விஷயத்தையே மாற்றியது. வெளிவந்த கருமுட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம்தான். விந்தணுவோ பெண் உடம்புக்குள் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே கரு தங்கக்கூடியது மொத்தம் ஆறு நாள்: முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். அதில் கடைசி இரண்டு மூன்று நாள்தான் அதிக வாய்ப்புள்ளவை. முட்டை வந்த மறுநாள் ரயில் பிடித்து வந்தால் அந்த மாதம் போச்சு. முந்தின ஞாயிறு வந்துவிட்டுப் போயிருந்தால், முட்டை புதன்கிழமை வந்தாலும் வாய்ப்பு உண்டு. முட்டை வரும்போது ஆள் ஊரில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முன்னதாக வந்திருக்க வேண்டும்.

இந்த ஆறு நாள் கணக்கு அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வில் தெளிவாக வந்தது. கருத்தரிக்க விரும்பிய 221 பெண்களின் சிறுநீரைத் தினமும் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து நாள் முன்னால் சேர்ந்தால் வாய்ப்பு பத்தில் ஒன்று, முட்டை வரும் நாளில் மூன்றில் ஒன்று. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். எல்லாம் சரியாக அமைந்த மாதத்திலும் மூன்றில் இரண்டு தடவை ஒன்றும் ஆகாமல் போவதுதான் இயல்பு. அதே குழு 2000இல் சொன்னது: ஆறு நாளும் முழுசாக 10 முதல் 17ஆம் நாளுக்குள் அடங்குவது 30 சதவீதப் பெண்களுக்குத்தான்.

சரி, அந்த ஆறு நாளை எப்படிப் பிடிப்பது?

பழைய நாட்காட்டிக் கணக்கு ஒன்று உண்டு. சில மாதக் கணக்கை எழுதி வைத்து, ஆகக் குறைந்த சுழற்சியில் (ஒரு மாதவிலக்கிலிருந்து அடுத்தது வரையுள்ள நாட்களில்) 18ஐயும் ஆக நீண்டதில் 11ஐயும் கழிக்க வேண்டும். எனக்கு 13ஆம் நாள் முதல் 24ஆம் நாள் வரை வந்தது. எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு நாள். தொல்காப்பியம் கற்பியலில், பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும், அதாவது மாதவிலக்கை ஒட்டிய பன்னிரண்டு நாளும், தலைவன் விலகி இருக்கக் கூடாது என்று வரும். வகுப்பில் அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்குள் சிரிப்பு வரும். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது இருக்கட்டும், ஆள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதில் எந்தப் புலவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் பன்னிரண்டு நாள் லீவு எந்தக் கம்பெனியும் தராதே.

அடுத்து மெடிக்கலில் ஓவுலேஷன் கிட் வாங்கினேன். கருமுட்டை வெளிவருவதற்கு முன் எல்.எச். ஹார்மோன் திடீரென ஏறும், கிட் அதைச் சிறுநீரில் காட்டும். கர்ப்பப் பரிசோதனைக்கு வைப்பதுபோல் விடிகாலைச் சிறுநீர் இதற்கு வேண்டாம், மதியத்துக்கு மேல் பார்த்தால் நல்லது, அதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்கக் கூடாது. பள்ளி விட்டு வந்து வாஷிங் மெஷின் மேல் ஸ்ட்ரிப்பை வைத்துவிட்டு நிற்பேன். இரண்டாவது கோடு, பக்கத்துக் கோட்டின் அளவுக்கோ அதைவிடவோ கருத்திருந்தால்தான் பாசிட்டிவ். மங்கலாகத் தெரிந்தால் அது நெகட்டிவ்தான். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி “இது டார்க்கா?” என்று கேட்டால், “ட்யூப்லைட் போட்டு இன்னொண்ணு எடு” என்று பதில் வரும். சென்னையில் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு கோடு ஆராய்ச்சி.

கிட் சரியாகவே வேலை செய்தது. எங்களுக்குத்தான் அது போதவில்லை. எல்.எச். ஏறி 24 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டை வந்துவிடும். புதன் மாலை பாசிட்டிவ் என்றால் அன்றைய வண்டிக்குத் தட்கல் முடிந்திருக்கும். மறுநாள் வண்டிக்கு எடுக்கலாம் என்றாலும் புதன் காலையே எடுத்திருக்க வேண்டும். ஆம்னி பஸ் ஒன்றுதான் வழி. ஒருமுறை அப்படி வந்தார். முதுகு வலியோடு இறங்கிய மனிதரிடம் “இன்னிக்கு விடக்கூடாது” என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது. ஒரே ஊரில் இருப்பவர்களுக்கு கிட் அருமையான சாதனம். சினைப்பையில் நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) இருப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களில் சிலருக்கு எல்.எச். எப்போதுமே தூக்கலாக இருக்கும். எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சருக்கு நாள் கணக்கில் பாசிட்டிவாகவே காட்டிக்கொண்டிருந்தது.

காலையில் எழுந்தவுடன் வெப்பநிலை எடுக்கும் முறையையும் பார்த்தேன். முட்டை வந்த பிறகு உடம்புச் சூடு கால் டிகிரி, அரை டிகிரி செல்சியஸ் ஏறும். ஏறியது என்று உறுதியாகத் தெரியும்போது அந்த ஆறு நாளும் முடிந்திருக்கும். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் எனக்கெதற்கு? விட்டுவிட்டேன்.

கடைசியில் கைகொடுத்தது காசே இல்லாத வழி, வெள்ளைப்படுதலைக் கவனிப்பது. இதைப் பற்றி நம் வீடுகளில் யாரும் வாய் திறப்பதில்லை. வெள்ளை என்றாலே நோய் என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஜான் பில்லிங்ஸ், எவலின் பில்லிங்ஸ் என்ற டாக்டர் தம்பதி இதை ஒரு முறையாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மாதவிலக்கு நின்றதும் சில நாள் வறட்சி. அப்புறம் பசை மாதிரி கெட்டியாக, வெள்ளையாகக் கொஞ்சம். முட்டை வரும் நாள் நெருங்க நெருங்கத் தண்ணீராகி, கண்ணாடியாகத் தெளிந்து, வழவழப்பாகும். கழிப்பறையில் துடைக்கும்போதே வழுக்குவது தெரியும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிரித்தால் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல அறுபடாமல் நீளும். விந்தணுவை ஐந்து நாள் உயிரோடு வைத்திருப்பது இதுதான். மறுபடி கெட்டியானாலோ காய்ந்துபோனாலோ நாள் முடிந்தது என்று அர்த்தம். உறவு கொண்ட மறுநாள் பார்த்தால் குழப்பும் என்பதால் அன்றைக்குக் கணக்கில் எடுக்க மாட்டேன். அரிப்போ, கெட்ட வாடையோ, தயிர்த் திப்பி போல வந்தாலோ அது வேறு விஷயம், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கிட் ஒன்றரை நாள் முன்னால் சொன்னதை இது மூன்று நாலு நாள் முன்னாலேயே சொன்னது. அவ்வளவு போதும், ஒரு டிக்கெட் எடுக்க. பிசுபிசுப்பு மாறி ஈரம் தட்டுப்பட்டதும் “கிளம்புங்க” என்று ஒரு வார்த்தை அனுப்புவேன், தட்கல் அவர் பாடு. 60 நாளுக்கு முன் முன்பதிவு திறக்கும்போதே என் பன்னிரண்டு நாளுக்குள் விழும் வெள்ளிக்கிழமைகளுக்கெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, வேண்டாததை ரத்து செய்வதும் உண்டு. ரத்துக் கட்டணம் கொஞ்சம் போகும். போகட்டும்.

இதற்கு நடுவில் டாக்டரம்மா முட்டை வளர்ச்சி ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் போக வேண்டும். முதல் நாள் அந்த ஸ்கேன் சென்டரில் “தண்ணி குடிச்சிட்டு உட்காருங்க” என்று ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். உட்கார முடியாமல் நெளிந்துகொண்டு உள்ளே போனால், இது உள்வழி ஸ்கேன், யூரின் போய்விட்டு வாருங்கள் என்கிறார் ஸ்கேன் டாக்டர். வயிற்றின் மேல் எடுப்பதற்குத்தான் நிறைந்த பை வேண்டும். நீங்கள் போனால் முதலிலேயே எந்த ஸ்கேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முட்டைப்பை 18, 20 மில்லிமீட்டரைத் தாண்டி ஒரு நாள் உடைந்துவிட்டது தெரிந்தது. வழவழப்பு உச்சத்தில் இருந்தது அதற்கு முந்தின நாள்தான். என் விரல் சொன்னதை மெஷினும் சொன்னதில் ஒரு சந்தோஷம்.

முட்டை வெளிவந்ததா என்று உறுதிசெய்ய புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. “இருபத்தொண்ணாம் நாள் டெஸ்ட்” என்றே லேபில் பெயர். அதுவும் 28 நாள்காரிக்குத்தான். முட்டை வந்து ஒரு வாரம் கழித்து எடுக்க வேண்டும், எனக்கு டாக்டரம்மா பிந்திய தேதி எழுதியிருந்தார். லேப் பையன் “நாள் தாண்டிருச்சே மேடம்” என்றான். சீட்டைக் காட்டினேன்.

அவருக்கும் விந்தணுப் பரிசோதனை செய்யச் சொன்னார். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். “எனக்கெதுக்கு?” என்று கொஞ்சம் முறுக்கினார், அப்புறம் போனார், சரியாகவே இருந்தது. பெண்ணை மட்டும் மாதக்கணக்கில் ஸ்கேனுக்கு அலையவிட்டு ஆணின் ஒரு டெஸ்டைத் தள்ளிப்போடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், எரிச்சலாக வரும். “நல்ல நாளுக்காகச் சேர்த்து வைக்கலாமா” என்ற அவர் சந்தேகத்துக்கும் பதில் கிடைத்தது: சேர்த்து வைப்பதில் லாபமில்லை. அந்த நாட்களில் தினமுமோ ஒருநாள் விட்டோ சேர்ந்திருக்கலாம். காலைத் தூக்கி வைத்துப் படுப்பதெல்லாம் தேவையில்லை. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் கரு தங்கும் முன்பே ஆரம்பித்துவிட வேண்டும்.

நாள் தள்ளிப் போனது ஒரு சாதாரண மாதத்தில்தான். ஞாயிறு இரவு அவர் வண்டி ஏறினார், அதன் பிறகுதான் எனக்கு வழவழப்பு காய்ந்தது.

அதற்கப்புறம் ஒரு சின்னக் கலவரம். பிரசவத் தேதியைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் கூட்டி எழுதுவார்கள். அந்தக் கணக்கிலும் 28 நாள் சுழற்சி, 14ஆம் நாள் முட்டை என்ற அனுமானம் உள்ளே இருக்கிறது. முதல் ஸ்கேனில் கருவின் வளர்ச்சி அந்தக் கணக்குக்கு ஏறக்குறைய ஒரு வாரம் குறைவாக வந்தது. அம்மா முகம் வாடிவிட்டது. நான் டைரியைப் பிரித்து, முட்டை வந்த நாள் எது என்று காட்டினேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, “அப்போ வளர்ச்சி சரியாத்தான் இருக்கு” என்று ஸ்கேன் அளவை வைத்துத் தேதியை மாற்றி எழுதினார். சுழற்சி நீளமானவர்கள் முதல் ஸ்கேனுக்குப் போகும்போதே அதைச் சொல்லிவிடுங்கள், டைரி இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.